செம்பியன் மாதேவி

செம்பியன் மாதேவி (10 ஆம் நூற்றாண்டு) சோழ மன்னன் கண்டராதித்தனின் மனைவியும் உத்தம சோழனின் தாயும் ஆவார். இளம் அகவையில் கணவனை இழந்த இவர், தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியைச் சிவன் கோயில் திருப்பணிகளில் செலவிட்டார். காவிரிப் படுகையிலும் அதற்கு வடக்கிலும் இருந்த பல செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். கோயிற் சுவரில் எந்தத் தெய்வ வடிவம் எங்கே அமைய வேண்டும் என்பதில் இவரது கோயில்கள் ஏற்படுத்திய மாற்றம் பிற்காலச் சோழர் கோயில்களிலும் தொடர்ந்தது. தெய்வ வடிவங்களின் அமைதியைப் பற்றிப் பேசும்போது மன்னர்களை விட இந்த அரசியின் பெயரே மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

செம்பியன் மாதேவி என்பது இயற்பெயர் அன்று. சோழனின் பெருந்தேவி என்னும் பொருள்படும் பட்டப்பெயரே அது. இதே பெயரை வேறு சில சோழ அரசிகளும் தாங்கியுள்ளனர். ஆகவே கல்வெட்டுகளில் இப்பெயரைக் கண்டதும் இவரே என்று கொள்ள இயலாது. மழவரையர் மகள், கண்டராதித்தர் தேவி, உத்தம சோழரின் தாய் என்னும் அடைகள் சேர்ந்து வரும் இடங்களிலேயே ஐயமின்றி இவரை அடையாளம் காணலாம்.

பிறப்பும் குடும்பமும்

இவர் மழவர் குடியைச் சேர்ந்த சிற்றரசர் ஒருவரின் மகள். மழநாடு என்பது கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய நிலப்பகுதியாகும். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள திருமழபாடி என்னும் ஊர்ப்பெயர் மழவரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இன்று சிமெண்ட் ஆலைகளாலும், ரெட்டிபாளையம் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாலும் அறியப்படும் இந்த மாவட்டம், பத்தாம் நூற்றாண்டில் சோழருக்குப் பெண் கொடுத்த குடிகளின் நாடாக விளங்கியது. முதலாம் பராந்தகனுக்குப் பெண் கொடுத்த பழுவேட்டரையரின் பழுவூரும் இம்மாவட்டத்திலேயே உள்ளது.

இவரது பிறந்தநாள் சித்திரை மாதத்துக் கேட்டை நாள் ஆகும். பிறந்த ஆண்டு கல்வெட்டுகளில் இல்லை. கி.பி. 941 ஆம் ஆண்டில், அதாவது முதலாம் பராந்தகனின் ஆட்சியிலேயே, கோயிலொன்றில் நந்தா விளக்கு எரிக்க இவர் அறக்கொடை அளித்துள்ளார். அப்போது கண்டராதித்தன் இளவரசன், அரியணை ஏறவில்லை. இவரது கொடையைக் குறிக்கும் பிற்காலக் கல்வெட்டு ஒன்று கி.பி. 1001 ஆம் ஆண்டினது. ஆகவே சற்றேறக்குறைய அறுபது ஆண்டுகள் இவரது அறச்செயல்கள் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. சோழர் வரலாற்றில் வேறெந்த அரசிக்கும் இவ்வளவு நீண்ட பதிவு இருப்பதாகத் தெரியவில்லை.

கண்டராதித்தன் போர்ச் செயல்களால் பெயர் பெற்ற மன்னன் அல்லன். தில்லைக் கூத்தன் மீது அவன் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையான திருவிசைப்பாவில் இடம்பெற்றுள்ளது. அவன் ஆட்சி கி.பி. 957 அளவில் முடிவுற்றது. அவனுக்கு வீரநாராயணி என்னும் மற்றொரு மனைவியும் உண்டு.

அரசுரிமையும் அரசியும்

கண்டராதித்தன் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சிறுவன். அரசு கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயன் வழிக்குச் சென்றது. அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன் நாட்டை ஆண்டான். அவனுடைய மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கி.பி. 969 அளவில் கொலை செய்யப்பட்டான். அதன் பின்னரே மதுராந்தகன் உத்தம சோழன் என்ற பெயருடன் அரியணை ஏறி 985 வரை ஆண்டான்.

இந்தக் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று கே. ஏ. நீலகண்ட சாத்திரி ஐயுற்றார். பின்வந்த ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. கொலையில் தொடர்புடையவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்தது பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு முதலாம் இராசராசனின் ஆட்சித் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் உத்தம சோழன் குற்றம் சாட்டப்படவில்லை. இதைவிடக் கருதத்தக்க சான்று ஒன்றும் உண்டு. கொலையுண்டவனின் தம்பியான இராசராசன் தன் ஆட்சியில் செம்பியன் மாதேவியின் திருப்பணிகள் தடையின்றி நடைபெற இடமளித்தான். இராசராசனின் மகன் இராசேந்திரன் ஒருபடி மேலே சென்று இந்த அரசிக்குப் படிமமே எடுப்பித்தான். அண்ணனைக் கொன்றவனின் தாய் என்று கருதப்பட்ட ஒருவருக்கு இத்தகைய மதிப்பு கிடைத்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தின் வழியாகவே இன்று பலர் இவரை அறிந்துள்ளனர். அப்புதினத்தில் உத்தம சோழனின் பிறப்பைச் சுற்றிப் பின்னப்பட்ட ஆள்மாறாட்டக் கதை கற்பனையே. கல்வெட்டுகள் உத்தம சோழனை இவர் வயிற்றில் பிறந்தவன் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றன.

திருப்பணிகள்

கணவனின் நினைவாக இவர் எடுப்பித்த கோனேரிராசபுரம் (திருநல்லம்) உமாமகேசுவரர் கோயில் இவரது பணிகளுள் முதன்மையானது. இக்கோயிற் சுவரில் கண்டராதித்தன் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் உள்ளது. அரசி தம் கணவர் பெயரால் இக்கற்றளியை எழுப்பினார் என்பதை அதனருகே உள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. கோயிலைக் கட்டியவரான சாத்தன் குணபட்டன் என்பவரின் பெயரும், அவர் பெற்ற இராசகேசரி மூவேந்த வேளான் என்ற பட்டமும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கட்டியவரின் பெயர் இவ்வாறு நிலைபெறுவது அக்காலக் கோயில்களில் அரிது.

விருத்தாசலம் (திருமுதுகுன்றம்), திருக்கோடிக்காவல், ஆடுதுறை, ஆனாங்கூர், குத்தாலம் (திருத்துருத்தி), திருமணஞ்சேரி, திருவாரூர் அறநெறி, திருவக்கரை ஆகிய ஊர்களின் கோயில்களும் இவருடைய திருப்பணிகளில் அடங்கும். நாகப்பட்டினத்தை அடுத்துத் தம் பெயராலேயே அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில் கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்தார். உத்தம சோழனின் தேவியர் பலர் தம் மாமியாரின் பிறந்தநாளான கேட்டை நாளில் வழிபாடும் அன்னமிடலும் நடைபெற அக்கோயிலுக்குக் கொடையளித்துள்ளனர்.

இக்கோயில்களில் பெரும்பாலானவை தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய காலத்தில் அவை செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. பழைய கட்டடத்தைப் பிரித்துவிட்டுக் கல்லால் புதிதாகக் கட்டும்போது அங்கிருந்த பழைய கல்வெட்டுகள் அழியும். கோயிலுக்கு யார் எந்த நிலத்தை அளித்தார், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு விடப்பட்டது என்பதற்கெல்லாம் அக்கல்வெட்டுகளே ஆவணம். அவை போனால் கோயிலின் உரிமையும் போகும். திருக்கோடிக்காவலில் இவர் இதற்கு ஒரு வழி கண்டார். பழைய கற்களில் இருந்தவற்றைப் படியெடுத்து, அவை பழங்கற்படிகள் என்ற குறிப்போடு புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அதனால் சோழருக்கு முற்பட்ட பல்லவர், பாண்டியர் காலச் செய்திகளும் அச்சுவரில் தப்பிப் பிழைத்தன.

இம்முறையைப் பிற்காலத்தவரும் பின்பற்றினர். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட இராசராசன் கி.பி. 1013 இல் ஆணையிட்டபோது, கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக் கொள்ளும்படி கூறப்பட்டது. அவை இராசேந்திரன் காலத்தில், 1026 இல், மீண்டும் கல்லேறின. கணினித் துறையில் இருப்போருக்கு இது நன்கு புரியும்: பழைய தொகுதியைத் தூக்கி எறியுமுன் தரவைப் படியெடுப்பதை அக்காலத்தவர் அரசாணையாகவே செய்துள்ளனர்.

எனினும் இவர் மாற்றிக் கட்டிய எல்லாக் கோயில்களிலும் இவ்வளவு கவனம் இருந்ததற்குச் சான்றில்லை. செங்கற் கோயில்களோடு அழிந்த பழைய சுதைச் சிற்பங்களையும் ஓவியங்களையும் கணக்கிட்டால், இம்மாற்றம் முழுக்க ஆக்கம் மட்டுமே என்று கூறிவிட முடியாது.

தெய்வ வடிவங்களின் வரிசை

முற்காலச் சோழர் கோயில்களில் கருவறையின் வெளிச்சுவரில் பொதுவாக மூன்று தேவகோட்டங்கள், அதாவது தெய்வ வடிவங்களுக்கான மாடங்கள், இருந்தன. தெற்கே தட்சிணாமூர்த்தி, வடக்கே பிரமன் என்பது பெரும்பாலும் மாறாதது. மேற்கு மாடத்தில் இலிங்கோத்பவரோ, திருமாலோ, அர்த்தநாரீசுவரரோ இடம்பெற்றனர். அர்த்தமண்டபச் சுவரில் தெற்கே பிள்ளையாரும் வடக்கே கொற்றவையும் சேர்க்கப்படுவதுண்டு.

செம்பியன் மாதேவியின் கோயில்களில் அர்த்தமண்டபம் நீண்டது. அதனால் மாடங்களின் எண்ணிக்கையும் கூடியது. பிள்ளையார், அகத்தியர், நடராசர் ஆகியோர் தென்புறத்திலும், கொற்றவை, பிச்சாடனர், அர்த்தநாரீசுவரர் போன்றோர் வடபுறத்திலும் இடம்பெறலாயினர். வரிசை கோயிலுக்குக் கோயில் சிறிது மாறுபடும். ஆயினும் வலம் வரும் அடியவர் ஒருவர் சிவனின் பல திருக்கோலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காணும்படி சுவர் முழுவதும் ஒரே திட்டத்தில் அமைந்தது இக்காலத்திலேயே எனலாம்.

இவற்றுள் பெரிதும் பேசப்படுவது நடராசர் வடிவம். ஆடும் சிவனின் உருவம் இதற்கு முன்பே உண்டு. சீயமங்கலத்துப் பல்லவர் குடைவரைத் தூண் ஒன்றில் அது சிறிய அளவில் செதுக்கப்பட்டுள்ளது. முற்காலச் சோழர் கோயில்களிலும் அது சிறு புடைப்புச் சிற்பமாக வந்துள்ளது. முயலகன் மீது வலக்காலை ஊன்றி இடக்காலைக் குறுக்கே தூக்கி, மேற்கைகளில் உடுக்கையும் தீயும் ஏந்திய அந்தக் கோலம், முழு அளவுக் கற்சிற்பமாகத் தனக்கென ஒரு மாடத்தைத் தொடர்ந்து பெற்றது இவ்வரசியின் கோயில்களில்தான். தில்லைக் கூத்தனைப் பாடிய கணவனின் நினைவு இதற்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது பொருத்தமான ஊகமே. ஆனால் அதற்கு நேரான கல்வெட்டுச் சான்று எதுவும் இல்லை.

தெய்வ வடிவங்களின் அளவு, கைகளின் எண்ணிக்கை, ஏந்தும் படைக்கலம், முடி, நிற்கும் நிலை ஆகியவற்றைக் காமிகம், அம்சுமத்பேதம் முதலிய ஆகமங்கள் விரித்துரைக்கின்றன. இந்நூல்களையும் கோயிற் சிற்பங்களையும் ஒப்பிட்டு முதன்முதலில் விரிவாக எழுதியவர் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையில் பணியாற்றிய து. அ. கோபிநாத ராவ் ஆவார். அவரது ஆங்கில நூல் 1914 முதல் 1916 வரை சென்னையில் வெளிவந்தது. நூலில் உள்ளதைச் சிற்பி அப்படியே செதுக்கினார் என்று கொள்வதை விட, சிற்பிகள் கையில் உருப்பெற்ற வழக்கமும் பின்னர் நூல்களில் ஏறியது என்று கொள்வதே பொருந்தும். செம்பியன் மாதேவியின் கோயில்கள் அத்தகைய வழக்கம் உருவான களங்கள். ஆங்கிலேய அறிஞர் டக்ளசு பாரெட் 1974 இல் வெளியிட்ட நூலில் முற்காலச் சோழர் கலையின் ஒரு காலகட்டத்தையே இவர் பெயரால் குறித்தார்.

கொள்ளிடத்தின் வடகரையில்

அரியலூர் மாவட்டத்துக் கண்டராதித்தம் என்னும் ஊர் இவர் கணவனின் பெயர் தாங்கியது. அங்குள்ள பெரிய ஏரி செம்பியன் மாதேவிப் பேரேரி என வழங்கப்படுகிறது. கோயில்களை எண்ணுவோர் இந்த ஏரியை விட்டுவிடுவது வழக்கம். உழவர்களைப் பொறுத்தவரை இந்த அரசியின் பெயர் வாழ்வது இந்நீரில்தான்.

இதே கரையில் உள்ள கோவிந்தபுத்தூர் கங்காசடாதரர் கோயிலை அம்பலவன் பழுவூர் நக்கன் என்னும் அதிகாரி உத்தம சோழன் காலத்தில் கற்றளியாக்கினார். அரசி தொடங்கி வைத்த வழக்கத்தை அரசு அதிகாரிகளும் கைக்கொண்டனர் என்பதற்கு இக்கோயில் நல்ல எடுத்துக்காட்டு. சுண்ணாம்புக்கல் மிகுந்த இந்நிலத்தில் கோயிலுக்கு வேண்டிய கருங்கல் கிடைப்பதில்லை. அதனை வெளியிலிருந்தே கொணர்ந்திருக்க வேண்டும் என்பதையும் இங்குக் கருத வேண்டும். பின்னர் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தத் தேவகோட்ட வடிவங்கள் பேருருவம் பெற்றன.

அரசியா, அம்மையா?

இராசேந்திர சோழன் கி.பி. 1019 இல் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் இவ்வரசியின் படிமத்தை எழுந்தருளச் செய்து, அதன் வழிபாட்டுக்கு வேண்டிய கொடையும் அளித்தான். மறைந்து சில ஆண்டுகளே ஆன ஒருவரின் உருவம் கோயிலுக்குள் வழிபாடு பெற்றது என்பது கல்வெட்டால் உறுதி.

அந்தப் படிமம் எது என்பதே சிக்கல். அமெரிக்காவின் வாசிங்டன் நகரிலுள்ள பிரீயர் கலைக்கூடம் 1929 இல் பெண் உருவச் செப்புத் திருமேனி ஒன்றை வாங்கியது. அதன் உயரம் சுமார் 107 செ.மீ. தாமரைப் பீடத்தின் மீது உடல் வளைந்து நிற்கும் அவ்வுருவின் வலக்கை மலர் ஏந்தும் கடக முத்திரையில் உள்ளது. இடக்கை பக்கவாட்டில் தொங்குகிறது. இவை உமையம்மைக்கு உரிய அடையாளங்கள். சோழர் காலத்தில் மானிட அடியவர்களைக் காட்டும்போது பெரும்பாலும் இரு கைகளையும் குவித்து வணங்கும் நிலையிலேயே வார்த்தனர். கைகளை மட்டும் கொண்டு பார்த்தால் இது அம்மையே.

ஆயினும் வழக்கமான அம்மன் படிமங்களினின்றும் இது விலகி நிற்கிறது. மிகைப்படுத்தப்பட்ட மார்பும், மிகச் சரிந்த தோள்களும், நீண்ட கைகளும் உமையம்மையின் வழக்கமான அளவுகளுக்கு உட்படவில்லை. கலை வரலாற்றாளர் வித்யா தெகேசியா போன்றோர் இதனை உமையின் கோலத்தில் அமைந்த செம்பியன் மாதேவி எனக் கருதுகின்றனர். பீடத்தில் பெயர் எதுவும் இல்லாததால் வேறு சிலர் இதனை ஏற்கத் தயங்குகின்றனர். இருவேறு கருத்துகளும் ஒரே இடத்தில் முட்டி நிற்பதைக் காணலாம். தெய்வத்தையும் மாந்தரையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்களை நிலைநிறுத்தியவை இவ்வரசியின் காலக் கோயில்கள். அந்த அடையாளங்களைக் கொண்டே இவரைத் தேடும்போது விடை கிடைப்பதில்லை.

இக்கட்டுரையாளருக்குத் தெரிந்தவரை, இப்படிமத்தை ஐயத்துடனேயே அரசி என்று குறிப்பது நேர்மையானது. இணையத்தில் இதன் நிழற்படம் செம்பியன் மாதேவியின் உண்மை முகம் என்ற குறிப்போடு உலவுகிறது. அக்குறிப்புக்குச் சான்று போதாது.

தமிழ்நாடு சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 2022 இல், அமெரிக்கக் கலைக்கூடத்தில் உள்ள இப்படிமம் செம்பியன் மாதேவி ஊர்க் கயிலாசநாதர் கோயிலுக்கு உரியது என்று அறிவித்து, அதை மீட்கும் முயற்சியில் இறங்கியது. அது நிறுவப்படுமானால் 1019 ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கும் இப்படிமத்துக்கும் உள்ள தொடர்பு வலுப்பெறும். ஆகவே இது உடைமை பற்றிய வழக்கு மட்டுமன்று. உருவம் யாருடையது என்ற கேள்வியும் அதனுள் அடங்கியுள்ளது.

சிதறிய திருமேனிகள்

இவர் கற்றளியாக்கிய விருத்தாசலம் கோயிலின் மாடம் ஒன்றில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை திருடப்பட்டது. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு கலைக்கூடம் அதனை 2004 இல் விலைக்கு வாங்கியது. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலின் நடராசர் செப்புத் திருமேனி, செம்பியன் மாதேவிக்குப் பிற்பட்டது. அதனை ஆத்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008 இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கோயில்களில் இருந்தபோது எடுக்கப்பட்டுப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்ட பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆத்திரேலியத் தலைமையமைச்சர் தில்லிக்கு வந்தபோது இரண்டும் திருப்பி ஒப்படைக்கப்பட்டன.

மாடத்தில் நின்ற வடிவம் காட்சிக்கூடத்துக்குப் போனதும் அதன் ஊர்ப்பெயர் அழிகிறது. எந்தச் சுவரில், எந்தத் திசை நோக்கி, எதற்கு அடுத்து நின்றது என்பதும் அழிகிறது. இவ்வரசியின் கோயில்களைப் பொறுத்தவரை அந்த வரிசையே முதன்மையானது. திருக்கோடிக்காவல் போன்ற ஊர்களில் மாடத்துச் சிற்பங்களை அவ்வவற்றின் இடத்திலேயே இன்றும் காணலாம். வலம் வரும் வழி தென்சுவரில் பிள்ளையாரிடமிருந்து தொடங்குகிறது.